மூன்று நிமிடம்

பாராட்டுத் தீர்மானம் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள்.
அரைப் பக்கம் போதும், சட்டம் போட்டு மாட்டப் போகிறோம் என்றார் மேயர்.
ஆர்டிஸ் ஹாகன்:
பள்ளி வாரியத்தில் பன்னிரண்டு ஆண்டு,
நகர மன்றத்தில் பத்தொன்பது.
எழுதிக் கொடுத்துவிட்டேன்.
சின்ன ஊர், இரண்டு அவைக்கும் நானே எழுத்தர்.
இருபத்திரண்டு வருடமாக
இந்த ஊரின் பேச்சைச் சுருக்குவது என் பிழைப்பு.
ஒரு மணி நேரம் கத்தினால்
"விவாதம் நடைபெற்றது" என்று எழுதுவேன்.
ஒருவர் அழுதாலும் அதே இரண்டு சொல்தான்.

அவர் முதலில் தேர்தலில் நின்றது
பள்ளிக் கழிப்பறையில் வெந்நீர் வராததற்காகவாம்.
நான் வருமுன் நடந்தது, கேள்விதான்.
மினசோட்டாவின் ஜனவரி,
இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கை கழுவாமல் சாப்பிட்டார்கள்.
வென்ற மூன்றாம் வாரம் வெந்நீர் வந்தது.
அதோடு போய்விடுவார் என்று நினைத்தார்கள்.

காகித ஆலையில் சம்பளப் பட்டியல் போட்டவர்.
பொய்க் கணக்கு அவருக்கு மூக்கிலேயே தெரியும்.
வரவு செலவுத் திட்டத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில்
மற்றவர்கள் கோட்டு மாட்டத் தொடங்கும்போது
"இந்த உப்பு" என்பார்.
சாலைப் பனியில் தூவும் உப்பு,
அறுபது டன் குறைகிறது.
கோட்டுகள் திரும்ப நாற்காலிக்குப் போகும்.

நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.
நூலகத்துக்கு மாடி வேண்டாமென்று ஆறு வருடம் மறித்தார்.
கர்ட் வைஸ்ப்ராடுக்கும் அவருக்கும் ஆகாது.
பக்கத்துப் பக்கத்து நாற்காலி,
இரண்டு பதவிக் காலம்
தலைவர் வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

ஆலை மூடியதும் பிள்ளைகள் குறைந்தார்கள்.
வடக்குக் கரைப் பள்ளியை மூடுவதா, வாக்கெடுப்பு.
மூன்றுக்கு மூன்று.
அன்றைய வரிசையில் கடைசிப் பெயர் அவருடையது.
அவர் மகன் படித்த பள்ளி,
அந்த வெந்நீர்க் குழாய் இருக்கும் பள்ளி.
"ஆம்" என்றார்.
சுவரோரம் நின்ற தாய்மாரிடம்,
பஸ் பயணம் இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டாது என்றார்.
வெளியே அவர் கார்க் கண்ணாடியில்
முட்டை உடைந்து உறைந்திருந்தது.
குறிப்பேட்டில் முட்டை இல்லை.

அந்த டிசம்பர் முழுக்க
காலை ஆறே முக்காலுக்கு
மஞ்சள் பஸ்ஸின் பின்னால் ஒரு பழைய ப்யூக்.
போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசித்தாராம்
ஓட்டுநர் துவேன் பெல்டியர்.

ஜனவரிக் கூட்டத்தில் எழுந்தார்.
"முப்பத்தெட்டு நிமிடம். பனி கொட்டினால் நாற்பத்தைந்து.
நான் சொன்னது தவறு."
என் பக்கம் திரும்பி,
"தவறு என்றே எழுது, வேறு சொல் போடாதே" என்றார்.
எழுதினேன்.
என் குறிப்பேடுகளில் அந்தச் சொல் வரும் ஒரே இடம் அது.

இரண்டாவது பஸ் விட்டார்கள்.
நவம்பரில் அவரைத் தோற்கடித்தார்கள்,
பதினொரு வாக்கில்.
அடுத்த ஆண்டு நகர மன்றத்துக்கு நின்றார்.
வடக்குக் கரையில் பாதி மன்னித்தது,
பாதி மறந்துபோனது,
வந்துவிட்டார்.

அப்புறம் பத்தொன்பது வருடம்
குழி, நாய், குப்பை வண்டி,
இரவுச் சாப்பாட்டின் நடுவே தொலைபேசி.
கணவர் லாய்டைப் புதைத்த வாரம்
சாக்கடைக் கட்டணம் நிகழ்ச்சி நிரலில் இருந்தது.
"வருகை: ஏழு பேர்" என்று எழுதினேன்.
ஏழு சரியான எண்ணிக்கைதான்.

போன செவ்வாய்க்கிழமை வந்திருந்தார்,
பொதுமக்கள் நாற்காலியில், மூன்றாம் வரிசை,
ஒரு கையுறை மட்டும் மடியில்.
தாளில் பெயர் எழுதியிருந்தார்.
பொருள்: நான்காம் தெரு வடிகால்.
புது வடிகாலின் மூடி
இரண்டு அங்குலம் உயரத்தில் வைத்துவிட்டார்கள்,
ஒப்பந்தக்காரர் பார்க்கவில்லை,
நீங்களும் பார்க்கவில்லை,
படம் எடுத்து வந்திருக்கிறேன்.

ஆளுக்கு மூன்று நிமிடம்,
முடிந்ததும் எழுத்தர் மணியடிக்க வேண்டும்.
அந்த விதியைக் கொண்டுவந்தவர் அவர்.
அனுமதித்தவர் கர்ட் வைஸ்ப்ராட்,
தலைமேல் கடிகாரம், எதிரே நான்.

அடித்தேன்.
நடு வாக்கியத்தில் நிறுத்தினார்.
எனக்குத் தலையசைத்தார், தாளை மடித்தார்.
இன்னும் என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது,
சுருக்காமல்:
"ஆகவே மழை பெய்தால் அந்தத் தண்ணீர்
கடைசியில் போய்ச் சேருவது"